'புதிய காற்று' ஏன் கஸெட்டில் வரவில்லை?

மாத்தளையிலிருந்து தம்புள்ளை செல்லும் வீதியில், அலுவிகாரையைக் கடந்தால் வருவது பலாபத்வல. எண்பதுகளின் இறுதியில் அங்கே சிறியதொரு வீடியோக் கடை இருந்தது. திருவிழா நாட்களில் தொலைக்காட்சிப் பெட்டியையும் டெக்கையும் வாடகைக்கு எடுத்து வந்து, லயத்து வாசலில் விடிய விடிய மூன்று படங்கள் பார்ப்போம். அந்தக் கடையில் என் தந்தையார் ஒவ்வொரு முறையும் கேட்பது ஒரே படத்தைத்தான்: 'புதிய காற்று'.

"அது கஸெட்டுல வரல்லைங்க அண்ணே, எம்.ஜி.ஆர். படம் இருக்கு, கொண்டு போங்க" என்பார் கடைக்காரர்.

தொழிற்சங்கவாதியான வி. பி. கணேசன் தயாரித்து நடித்து, 1975இல் திரைக்கு வந்த படம் அது. தோட்டத் தொழிலாளர் தம்மைத் தாமே திரையில் கண்ட அபூர்வப் படங்களுள் ஒன்று. பின்னர் ஏன் அது வீட்டுக்குள் வரவில்லை?

பத்திரிகைத் தொழிலுக்கு வந்த பின்னரே இந்த வணிகத்தின் கணக்கு எனக்குப் புரிந்தது. பழைய படமொன்றை வட்டில் வெளியிட எண்ணும் நிறுவனம், படத்தின் தரத்தை முதலில் பார்ப்பதில்லை. உரிமை யாரிடம் என்று பார்க்கும். தமிழகத்தில் தயாரிப்பாளர்கள் 'நெகட்டிவ் உரிமை'யையே கடனுக்கு ஈடாகக் கொடுத்தும் விற்றும் வந்தமையால், உரிமையாளரைக் கண்டுபிடிப்பதே பெரும்பாடு. அடுத்து, நல்ல நிலையில் நெகட்டிவோ பிரதியோ உண்டா என்பது. எத்தனை பேர் வாங்குவார்கள் என்ற கேள்வி இவற்றுக்குப் பின்னரே எழும். 2007இல் மோசர் பேயர் நிறுவனம் விசிடியை 28 ரூபாவுக்கும் டிவிடியை 34 ரூபாவுக்கும் விற்கத் துணிந்தது, பல படங்களின் உரிமைகளை மொத்தமாக வாங்கியதால்தான். 1964இல் வெளியான 'கர்ணன்' 2012இல் புதுப்பொலிவுடன் திரையரங்குக்கு வந்து வென்றதென்றால், சிவாஜியின் பெயர் மட்டும் போதாது. சீர்செய்வதற்குப் படச்சுருளும் இருக்க வேண்டும்.

நம் நாட்டிலோ அந்தச் சுருளே எரிந்தது. 1983 ஜூலையில் கே. குணரத்தினத்தின் ஹெந்தளை விஜயா ஸ்ரூடியோ தீக்கிரையானபோது பல படங்களின் நெகட்டிவ்கள் சாம்பலாயின. அவற்றுள் சிங்களப் படங்களும் இருந்தன என்பதைக் கொளுத்தியவர்கள் யோசித்திருக்க மாட்டார்கள். லெஸ்டர் ஜேம்ஸ் பீரிஸின் 'நிதானய' 2013இல் புத்துயிர் பெற்றது. அதற்கு உலகறிந்த இயக்குநர் இருந்தார், புனே காப்பகத்தின் துணை இருந்தது, மார்ட்டின் ஸ்கோர்செசியின் அறக்கட்டளை முன்வந்தது. தோட்டத்துத் தமிழ்ப் படத்துக்காக அவ்வாறு கதவைத் தட்ட யார் இருந்தார்கள்?

பலாபத்வல செல்லும்போதெல்லாம் அலுவிகாரையில் சற்று நிற்பேன். வாய்மொழியாக இருந்த திரிபிடகம் அழிந்துவிடலாகாதென்று ஓலையில் எழுதப்பட்ட இடம் அது. 1848 மாத்தளைக் கிளர்ச்சியின்போது அங்கிருந்த ஏடுகளும் அழிந்தன. மீண்டும் எழுதுவதற்கு ஆட்கள் இருந்தார்கள்.

என் தந்தையார் 'புதிய காற்'றை இரண்டாம் முறை பார்க்காமலேயே காலமானார். கனடாவிலோ இலண்டனிலோ சென்னையிலோ இதை வாசிக்கும் நண்பர்களுள் எவருடைய பரணிலாவது எழுபதுகளின் ஈழத்துப் படமொன்றின் சுருளோ கஸெட்டோ இருக்குமாயின், பூஞ்சணம் பிடித்திருந்தாலும் எறிந்துவிட வேண்டாம். எனக்கு ஒரு வரி எழுதுங்கள்.