கற்பூரத்தின் சொந்த ஊர்

சுமத்திராவின் மேற்குக் கரையில் பாருஸ் என்றொரு சிறிய துறைமுக ஊர் இருக்கிறது. வடக்கு சுமத்திரா மாகாணம், மத்திய தபானுலி மாவட்டம். அதைத் தாண்டிச் சில கிலோமீட்டர் போனால் லோபு துவா. தோட்டமும் வயலுமாகக் கிடக்கும் கிராமம். இந்தோனேசியர்களிலேயே பலர் கேள்விப்படாத பெயர். அந்த வட்டாரத்து பத்தாக் மக்களின் மொழியில் ‘லோபு’ என்றால் குடிகள் விட்டுப்போன பழைய குடியிருப்பு. ‘துவா’ என்பது பழமையைக் குறிக்கும். ஊரின் பெயரே ‘முன்னொரு காலத்தில் இங்கே ஊர் இருந்தது’ என்கிறது.

இருந்த ஊர் சாதாரண ஊர் இல்லை. சாமி கும்பிடும்போது ஏற்றுகிற, பொங்கலில் சிட்டிகை போடுகிற, சளிக்கு நெஞ்சில் தடவும் தைலத்தில் கலக்கிற கற்பூரம் என்ற சரக்கின் தலைசிறந்த வகை அந்தக் கரையிலிருந்துதான் உலகத்துக்குப் போயிற்று. சரக்கோடு சொல்லும் போயிற்று.

கற்பூரம் வடசொல்லா தமிழ்ச் சொல்லா என்று கேட்டால் அகராதிகள் வடமொழியின் ‘கர்ப்பூர’ பக்கம் கைகாட்டும். ஆனால் வடமொழிக்கு அது எங்கிருந்து வந்தது? பழங்காலத்தில் உயர்வாக மதிக்கப்பட்ட கற்பூரத்தைத் தரும் மரம் சுமத்திராவிலும் போர்னியோவிலும் மலாய்த் தீபகற்பத்திலும் வளர்வது. இந்தியக் காடுகளில் அது இல்லை. மரம் இருக்கும் இடத்தில் மலாய்க்காரர்கள் அதைக் ‘காப்பூர்’ என்கிறார்கள். அதே சொல்தான் அவர்களுக்குச் சுண்ணாம்பும். வெற்றிலையில் தடவும் சுண்ணாம்பு ‘காப்பூர் சிரே’; பள்ளிக்கூடச் சாக்குக்கட்டி ‘காப்பூர் துலிஸ்’. பிலிப்பைன்ஸின் தகாலோக் மொழியில் சுண்ணாம்புக்கு ‘அப்போக்’ என்று பெயர். அது இந்தச் சொல்லின் உறவு. அந்தத் தீவுகளில் பரவிய மொழிக் குடும்பத்தில் ஆழமாக வேர்விட்ட சொல் இது. மரப்பிளவில் வெள்ளையாகப் பொரிந்து கிடந்ததைச் சுண்ணாம்பு என்றே அழைத்திருக்கிறார்கள். வடமொழி அதை அங்கிருந்து வாங்கி நடுவில் ஒரு ரகர ஒற்றைச் சேர்த்துக்கொண்டது என்பது மொழியறிஞர் பலரின் முடிவு. தமிழில் கருப்பூரம், கர்ப்பூரம், கற்பூரம் என்று எழுத்து மாறி மாறி வந்திருக்கிறது. வல்லின றகரம் போட்டு எழுதும் வழக்கம் நிலைத்துவிட்டதால் அது நம் மண்ணிலேயே முளைத்த சொல் போலத் தோற்றம் தருகிறது.

தமிழுக்கென்று வேறொரு பழஞ்சொல்லும் இருந்தது: பளிதம். பளிக்கு, பளிங்கு என்ற சொற்களை அது உடனே நினைவுக்குக் கொண்டுவரும். மணிமேகலையில் உணவுக்குப் பின் வெற்றிலையோடு பளிதம் வைக்கிறார்கள். சுசுருத சம்ஹிதையும் வாயில் இட்டு மெல்லும் மணப்பொருள்களில் கர்ப்பூரத்தைச் சேர்க்கிறது. மலாய்க்காரர் ஒரே பெயரால் அழைத்த இரண்டு வெள்ளைப் பொருள்களும், சுண்ணாம்பும் கற்பூரமும், இங்கே ஒரே வெற்றிலையில் சேர்ந்திருக்கின்றன. பளிதம் இன்று நிகண்டோடு நின்றுவிட்டது. கடைக்குப் போய் அந்தப் பெயரைச் சொன்னால் யாருக்கும் விளங்காது.

சிலப்பதிகாரத்தின் ஊர்காண் காதையில் இளங்கோ ஒரு காற்றை வருணிக்கிறார். தொண்டியோர் கப்பல் கப்பலாக அனுப்பிய அகில், துகில், சந்தனம், கருப்பூரம் எல்லாவற்றின் வாசனையையும் சுமந்துகொண்டு மதுரைக்குள் நுழைகிறது கொண்டல். கொண்டல் என்றால் கீழ்க்காற்று. கிழக்கேயிருந்து வந்த சரக்குக்குக் கீழ்க்காற்றையே தேர்ந்தெடுத்திருக்கிறார் கவிஞர். அந்த இடத்துக்கு உரை எழுதிய அடியார்க்குநல்லார் கருப்பூரம் என்று பொதுவாகச் சொல்லிவிட்டு நகரவில்லை. ஒரு நாட்டுமருந்துக் கடைக்காரரின் கவனத்தோடு வகை வகையாகப் பெயர் அடுக்குகிறார். அந்தப் பட்டியலில் வாறோசு, சூடன், சீனச் சூடன் என்ற மூன்றும் உண்டு. இன்றைய ‘சூடம்’ அந்தச் சூடனோடு வைத்துப் பார்க்க வேண்டிய சொல். சீனச் சூடன் எங்கிருந்து வந்தது என்பது பெயரிலேயே இருக்கிறது. வாறோசு என்பது என்ன?

விடை லோபு துவாவின் மண்ணில் கிடந்தது. 1873இல் ஒரு டச்சு அதிகாரி அங்கே எழுத்து பொறித்த கல்லொன்று இருப்பதைத் தெரிவித்தார். எழுத்து தமிழ். 1932இல் கே. ஏ. நீலகண்ட சாஸ்திரி அதைப் பற்றி விரிவாக எழுதினார், 1998இல் எ. சுப்பராயலு புதிய வாசிப்பை வெளியிட்டார். சக ஆண்டு 1010, மாசி மாதம். கிறித்தவக் கணக்கில் 1088. இங்கே முதலாம் குலோத்துங்கன் ஆட்சி. கல்லை நட்டவர்கள் திசையாயிரத்து ஐந்நூற்றுவர் என்ற வணிகக் குழுவினர். தாங்கள் கூடிய இடத்தை அவர்கள் குறிப்பிடும் பெயர் வரோசு. அதற்கு மாதங்கரி வல்லவத் தேசி உய்யக்கொண்ட பட்டினம் என்று நீளமான தமிழ்ப் பெயரும் சூட்டியிருக்கிறார்கள். பாருஸ், வரோசு, வாறோசு: மூன்றும் ஒரே ஊர். உரையாசிரியர் பட்டியலில் இருந்தது சரக்கின் பெயராகிவிட்ட ஊர்ப்பெயர்.

இந்தக் கல்லைச் சோழர் படையெடுப்பின் சின்னமாக மேடைகளில் பேசுவது உண்டு. கல் அப்படிச் சொல்லவில்லை. 1025ஆம் ஆண்டுக் கடற்படையெடுப்பைப் பாடும் ராஜேந்திரனின் மெய்க்கீர்த்தி ஸ்ரீவிஜயம், பண்ணை, மலையூர், இலாமுரிதேசம், கடாரம் என்று ஊர் ஊராகச் சொல்கிறது. அதில் வரோசு இல்லை. லோபு துவாக் கல்லில் உள்ளது ஒரு சங்கத் தீர்மானம். வந்து சேரும் மரக்கலத்தின் நாயகனும் மாலுமிகளும் கஸ்தூரி விலையை அளவாக வைத்து, பொன்னாகக் கட்டணம் செலுத்த வேண்டும். அதன் பிறகுதான் பாவாடையில், அதாவது விரித்த துணியில், கால்வைக்கலாம். வெற்றி பற்றியோ கொள்ளை பற்றியோ பேச்சில்லை. கடல் கடந்து போய்க் கடை விரித்து, கணக்கு எழுதி, தங்களுக்குள் ஒழுங்கு வகுத்துக்கொண்டு வாழ்ந்த மனிதர்களின் குரல் அது. ஒரு மன்னனின் வாளைவிட இது பெருமைக்குரியது என்பதில் என்ன சந்தேகம்? கஸ்தூரி வருகிற அந்தக் கல்வெட்டில் கற்பூரத்தின் பெயர் வரவில்லை என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும்.

1990களின் பிற்பகுதியில் குளோத் கியோ தலைமையில் பிரெஞ்சு, இந்தோனேசிய ஆய்வாளர்கள் லோபு துவாவில் அகழ்ந்தார்கள். சீனப் பீங்கான், மேற்காசியக் கண்ணாடி, தென்னாசிய மட்பாண்டம் எல்லாம் வந்தன. ஒன்பதாம் நூற்றாண்டின் நடுவில் தொடங்கிப் பதினோராம் நூற்றாண்டின் இறுதியோடு குடியிருப்பு முடிந்துவிடுகிறது. கல் நட்ட சில காலத்திலேயே ஊர் காலி. பாருஸ் மக்களின் பழங்கதைகள் ‘கெர்காசி’ என்ற அரக்கர்கள் வந்து ஊரை அழித்ததாகச் சொல்கின்றன. வணிகம் நின்றுவிடவில்லை, பக்கத்திலேயே புக்கித் ஹாசாங் என்ற இடத்துக்குப் பெயர்ந்து பல நூற்றாண்டு நடந்தது.

அந்தச் சரக்கைக் காட்டிலிருந்து எடுப்பது எளிய வேலையாக இருக்கவில்லை. தாவரவியலார் டிரையோபலனாப்ஸ் என்று அழைக்கும் அந்த மரம் 60 மீட்டருக்கும் மேல் வளரும். முதிர்ந்த மரத்தின் தண்டில் உள்ளே விரிசல் விட்ட இடங்களில் பிசின் உறைந்து படிகமாகிக் கிடக்கும். எல்லா மரத்திலும் கிடைக்காது. வெளியிலிருந்து பார்த்துச் சொல்லவும் முடியாது. வெட்டிச் சாய்த்து, துண்டாக்கிப் பிளந்து, இருந்தால் சுரண்டி எடுப்பார்கள். இல்லாவிட்டால் மரமும் போயிற்று, நாளும் போயிற்று.

இத்தனை நிச்சயமின்மை உள்ள தொழிலில் சொல்லுக்கே அச்சம் பிறந்ததில் வியப்பில்லை. மலாய்த் தீபகற்பத்தின் ஜொகூர் காடுகளில் கற்பூரம் தேடப் போகிறவர்கள் ‘பந்தாங் காப்பூர்’ என்ற விலக்குமொழி பேசினார்கள். காட்டில் இருக்கும்வரை அன்றாடச் சொற்களை வாயில் எடுக்கக் கூடாது. சோற்றுக்கும் தண்ணீருக்கும் விலங்குக்கும் மாற்றுச் சொற்கள். காப்பூர் என்று சொல்லவே கூடாது. சொன்னால் மரத்தின் ஆவி படிகத்தை ஒளித்துவிடும் என்பது நம்பிக்கை. உலகமெல்லாம் உச்சரித்த சொல், அது பிறந்த காட்டில் வாயை விட்டு வெளியே வராமல் இருந்திருக்கிறது.

அரபு மொழியில் பகரம் கிடையாது. அதனால் காப்பூர் அங்கே காஃபூர் ஆயிற்று. குர்ஆனின் 76ஆவது அத்தியாயம் சுவர்க்கத்துப் பானத்தில் காஃபூர் கலந்திருக்கும் என்கிறது. 637இல் பாரசீகத் தலைநகர் தெசிஃபோனைக் கைப்பற்றிய அரபுப் படைவீரர்கள் அரண்மனைக் கிடங்கில் கற்பூரத்தைக் கண்டு, உப்பு என்று நினைத்து உணவில் போட்டுக் கசந்து துப்பினார்கள் என்று அரபு வரலாற்றாசிரியர்கள் எழுதியிருக்கிறார்கள். பின்னால் அதே அரபு வணிகர்கள் தரம் பார்ப்பதில் தேர்ந்தார்கள். அவர்கள் முதல்தரம் என்று போற்றியது ‘ஃபன்சூரி’. ஃபன்சூர் என்பது பாருஸ் வட்டாரத்துக்கு அவர்கள் வழங்கிய பெயர். நீர்த்தாரையைக் குறிக்கும் ‘பன்சூர்’ என்ற உள்ளூர்ச் சொல்லின் அரபு வடிவம். மார்க்கோ போலோவும் அந்தப் பெயரைத்தான் எழுதினார்: ஃபன்சூர்க் கற்பூரம் எடைக்கு எடை பொன் பெறும் என்று. பதினாறாம் நூற்றாண்டின் பெரிய மலாய்க் கவிஞர் ஹம்ஸா ஃபன்சூரியின் பெயரில் இன்னும் அந்த ஊர் ஒட்டிக்கொண்டிருக்கிறது. சீனர்கள் ‘போலு’ என்றும், ‘லுங்நாவ்’ அதாவது டிராகனின் மூளை என்றும் சொன்னார்கள். லத்தீன் எழுத்தர்கள் நடுவில் ஒரு மகரத்தைச் செருகிக் ‘காம்ஃபோரா’ ஆக்கினார்கள்.

இஸ்லாமிய அரசவைகளில் அடிமைகளுக்கு மணப்பொருள்களின் பெயரை இடும் வழக்கம் இருந்தது. பத்தாம் நூற்றாண்டில் எகிப்தை ஆண்ட காஃபூர் அப்படிப் பெயர் பெற்றவர். குஜராத்தில் அடிமையாகப் பிடிபட்டு அலாவுதீன் கில்ஜியின் தளபதியாக உயர்ந்த இன்னொருவர், 1311இல் படையோடு மதுரைக்கு வந்தார். கொண்டல் காற்றில் கருப்பூரமாக வந்த சொல், அரபு வழி சுற்றி, மாலிக் காஃபூராகக் குதிரைமேல் அதே ஊருக்குள் நுழைந்தது.

இதுவரை சொல்லின் கதை. பொருளின் கதை வேறு திசையில் போகிறது.

பாருஸ் கற்பூரத்தின் பெரும்பகுதி போர்னியோல் என்ற வேதிப்பொருள். சீனா, தைவான், ஜப்பான் நாடுகளில் வளரும் வேறொரு மரம் உண்டு, இலவங்கப்பட்டையின் உறவு. அதன் கட்டையைச் சிராய்த்து ஆவியில் காய்ச்சினால் வேறொரு கற்பூரம் கிடைக்கும். இரண்டுக்கும் மூலக்கூறில் வித்தியாசம் இரண்டே ஹைட்ரஜன் அணு. பாருஸ் சரக்கு தண்ணீரில் அமிழும், மற்றது மிதக்கும் என்பது பழைய சோதனை. பாருஸில் மரத்தைக் குருட்டாம்போக்கில் வெட்ட வேண்டும். மற்ற மரத்தைக் காய்ச்சினால் நிச்சயம் கிடைக்கும். விலை மலிந்தது. 1668இல் டச்சுக் கிழக்கிந்தியக் கம்பெனி பாருஸோடு ஒப்பந்தம் செய்துகொண்டபோது, அதே கம்பெனி ஜப்பானிலிருந்து மலிவுச் சரக்கையும் ஏற்றிக்கொண்டிருந்தது. 1870இல் அமெரிக்காவில் செல்லுலாய்டு செய்ய வழி கண்டார்கள். அதற்கும் கற்பூரம் தேவைப்பட்டது. தைவானைப் பிடித்திருந்த ஜப்பான் அரசு 1899இல் அங்கே கற்பூரத்தைத் தன் ஏகபோகமாக்கியது. அதற்கும் மாற்று வந்தது. இன்று கடையில் விற்கும் சூடத்தில் பெரும்பகுதி பைன் மர டர்பென்டைனிலிருந்து ஆலையில் செய்தது.

பொருள் இரண்டு முறை மாறியும் பெயர் அசையவே இல்லை. தமிழ் ‘பச்சை’ என்ற அடைமொழியைப் போட்டு ஒரு வேலி கட்டியிருக்கிறது. பெருமாள் கோயில் தீர்த்தத்திலும் திருப்பதி லட்டிலும் சர்க்கரைப் பொங்கலிலும் சேர்வது பச்சைக் கற்பூரம். தட்டில் எரிவது சூடம். ‘கற்பூர புத்தி’ என்ற மரபுத்தொடர் சட்டென்று பற்றும் சூடத்தை வைத்துப் பிறந்தது. கழுதைக்குத் தெரியாது என்று பழமொழி சொல்லும் வாசனையோ இரண்டுக்கும் பொது. வீட்டில் இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைப்பவர்கள் கவனமாக இருக்க வேண்டும். சூடம் வயிற்றுக்குள் போகக் கூடாத பொருள். சிறு குழந்தைக்கு ஒரு வில்லையே வலிப்பை உண்டாக்கும். ‘ரசகற்பூரம்’ இன்னும் குழப்பமானது. சித்த மருத்துவத்தில் அது பாதரசச் சரக்கு. சில ஊர்களில் அந்துருண்டையை அந்தப் பெயரால் கேட்கிறார்கள். இரண்டும் நஞ்சு.

இந்தோனேசியாவிலும் இதுவே நடந்திருக்கிறது. அங்கே கடையில் ‘காப்பூர் பாருஸ்’ என்று கேட்டால் கையில் கிடைப்பது அலமாரியில் போடும் நாப்தலீன் உருண்டை. பொன்னுக்கு நிகராக விற்ற ஊரின் பெயர் கரப்பான் விரட்டும் பொருளுக்குப் போய்விட்டது. அதற்கு இன்னொரு பெயர் ‘காம்பெர்’. டச்சுக்காரர் வாயிலிருந்து இந்தோனேசியர் கேட்டு வாங்கிய சொல் அது: சுமத்திராவிலிருந்து புறப்பட்ட காப்பூர், அரபியும் லத்தீனும் ஐரோப்பாவும் சுற்றி, மகரம் ஒன்றைச் சேர்த்துக்கொண்டு காலனி ஆட்சியோடு திரும்பியிருக்கிறது. மரக்கடையிலும் அந்தச் சொல் உண்டு. டிரையோபலனாப்ஸ் பலகை அங்கே ‘காயு காம்பெர்’ என்ற பெயரில் கதவுக்கும் சன்னலுக்கும் விற்கிறது. மரம் இப்போது மதிக்கப்படுவது பலகைக்காக. பாருஸைச் சுற்றியுள்ள காடுகளில் அது அருகிவிட்டது. லோபு துவாக் கல் ஜகார்த்தாவின் தேசிய அருங்காட்சியகத்துக்கு இடம் மாறிவிட்டது.