மடல் வருகிறது, போகவில்லை

வீட்டுக் கணினியில் அவுட்லுக், தண்டர்பேர்ட் போன்ற மென்பொருள்களின் வழியே மடல் எழுதுவோருக்கு நன்கு பழகிய கோளாறு ஒன்றுண்டு. வரவேண்டிய மடல்கள் ஒழுங்காக வந்து சேரும். நாம் எழுதிய மடல் மட்டும் இடத்தை விட்டு நகராது. வழங்கியுடன் தொடர்பு கொள்ள இயலவில்லை என்றொரு வரி திரையில் தோன்றும். கம்பியைப் பிடுங்கிச் செருகுகிறோம். கணினியை அணைத்து மீண்டும் இயக்குகிறோம். பயனில்லை. ஒரே கம்பியில் வரவு நடக்க, செலவு மட்டும் ஏன் தடைபடுகிறது? இதற்கான விடை வரலாற்றில் இருக்கிறது.

மடல் அனுப்பும் நெறிமுறையான எஸ்.எம்.டி.பி.யை ஜான் போஸ்டல் 1982 ஆகஸ்டில் எழுதி வெளியிட்டார். மடல் கொண்டுவரும் கணினி 'ஹெலோ' என்று தன் பெயரைச் சொல்லும். அனுப்புநர் யார், பெறுநர் யார் என்று கூறும். பிறகு மடலை ஒப்படைக்கும். அவ்வளவுதான், கடவுச்சொல் என்ற பேச்சே இல்லை. அன்றைய வலையில் இருந்தவை பெரும்பாலும் பல்கலைக்கழகங்களும் ஆய்வுக்கூடங்களும் ராணுவ அலுவலகங்களுமே. முன்பின் அறியாத கணினி கொண்டுவந்த மடலையும் வாங்கி, உரிய இடத்துக்குக் கடத்திவிடுவது அங்கே அண்டைவீட்டு மரியாதையாக இருந்தது.

மடலை எடுத்துக்கொள்வதற்கான 'பாப்' நெறிமுறையை ஜாய்ஸ் ரெனால்ட்ஸ் 1984 அக்டோபரில் வெளியிட்டார். இது தொடக்கத்திலேயே பெயரையும் கடவுச்சொல்லையும் கேட்டது. வீட்டுப் பெட்டியிலிருந்து கடிதம் எடுக்கச் சாவி வேண்டும். தெருமுனைத் தபால்பெட்டியில் கடிதம் போட எதற்குச் சாவி? ஒரே மென்பொருளுக்குள் இரண்டு வாசல்கள் அமைந்த கதை இதுவே. ஒன்று திறந்திருக்க மற்றது மூடியிருப்பதும் இதனால்தான்.

தபால்பெட்டிக்கும் பூட்டு வந்தது. 1978 மே மாதத்திலேயே கேரி துர்க் என்ற விற்பனையாளர், கணினி விளம்பரம் ஒன்றைச் சுமார் நானூறு பேருக்கு ஒருசேர அனுப்பிக் கண்டனத்துக்கு ஆளானார். தொண்ணூறுகளில் இணையம் வணிகத்துக்குத் திறந்தபோது, அந்த ஒற்றைத் துளி வெள்ளமாயிற்று. யாருடைய மடலையும் கடத்திவிடும் வழங்கிகளைக் குப்பை மடல்காரர்கள் சுமைதூக்க வைத்தார்கள். 1998இல் வந்த 'சென்ட்மெயில் 8.9', அந்நியர் மடலைக் கடத்துவதை இயல்பிலேயே மறுத்தது. அதே ஆண்டு டிசம்பரில், மடலை ஒப்படைப்பதற்கெனப் பழைய 25ஆம் எண் வாயிலுக்கு மாற்றாக 587ஆம் வாயில் முன்மொழியப்பட்டது. 1999 மார்ச்சில் அனுப்புநரின் அடையாளத்தைச் சரிபார்க்கும் முறையும் வகுக்கப்பட்டது. இடைக்கால ஏற்பாடும் ஒன்றிருந்தது. கடவுச்சொல் தந்து மடலை எடுத்தவர், அடுத்த சில நிமிடங்களுக்கு மடல் அனுப்பலாம். முதலில் பெறு, பிறகு அனுப்பு என்று அக்காலத்தில் சொல்லப்பட்ட வைத்தியத்தின் பொருள் இதுதான்.

2003 ஆகஸ்டில் பரவிய 'சோபிக்-எஃப்' போன்ற நச்சுநிரல்கள், உரிமையாளருக்கே தெரியாமல் வீட்டுக் கணினிகளிலிருந்து மடல்களைக் கொட்டின. சேவை நிறுவனங்கள் பலவும் வீட்டு இணைப்புகளில் 25ஆம் வாயிலை மூடலாயின.

இவ்வரலாறு தெரிந்தால் கோளாறின் மொழி புரியும். மடல் வருகிறதென்றால் கம்பியில் பழுதில்லை. அனுப்பும்போது நெடுநேரம் காத்திருந்து தொடர்பு அறுந்தால், அமைப்பில் இன்னும் 25 இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். 587 அல்லது 465 என மாற்ற வேண்டும். கடத்த மறுக்கிறேன் என்று 550 எண்ணுடன் பதில் வந்தால், அனுப்பும் வழங்கிக்கு அடையாளம் காட்டும் கட்டத்தைத் தேர்ந்திருக்க மாட்டோம். 535 என்றால் கடவுச்சொல் ஏற்கப்படவில்லை. கடவுச்சொல் சரியாகவே இருந்தும் இப்படி நேரலாம். தனிநபர் ஜிமெயில் கணக்குகளில், வெறும் கடவுச்சொல்லுடன் வரும் பழைய மென்பொருள்களை 2022 மே 30 முதல் கூகுள் ஏற்பதில்லை. அத்தகைய மென்பொருளுக்கெனத் தனிக் கடவுச்சொல் பெற வேண்டும்.

மின்னெல்லை அறக்கட்டளையின் நிறுவனர்களுள் ஒருவரான ஜான் கில்மோர், ஊரெல்லாம் பூட்டிய பின்னும் தன் வழங்கியை எல்லோருக்கும் திறந்தே வைத்திருந்தார். பேச்சுரிமையின் பெயரால் அவர் அதைச் செய்தார்; இணைப்பு தந்த நிறுவனத்தோடு மோதவும் நேர்ந்தது. குப்பை மடலால் அவதியுற்றவர்கள் அவரைக் கடிந்ததில் நியாயமுண்டு. ஆனால் அவர் காக்க முயன்ற அண்டைவீட்டு மரியாதை பொய்யானதன்று. ஒருகாலத்தில் இவ்வலையே அதை நம்பித்தான் இயங்கியது. அடுத்தமுறை மடல் போகாமல் நிற்கும்போது, எண்ணை மாற்றுமுன் இதையும் ஒரு கணம் நினைத்துக்கொள்ளலாம்.