பாடம் கேட்டலும் பதிவிறக்கமும்: தமிழ்ச் சமயநூல்கள் பொதுவில் வந்த வரலாறு

மடங்களிலும் பரம்பரை வீடுகளிலும் பூட்டிக் கிடந்த சமயநூல்களை இணையம்தான் எல்லோருக்கும் திறந்துவிட்டது என்று கருத்தரங்குகளில் அடிக்கடி கேட்கிறோம். நூல்களைப் பொறுத்தவரை இது பாதி உண்மை. பூட்டு பத்தொன்பதாம் நூற்றாண்டிலேயே கழன்றுவிட்டது. நூலோடு சேர்ந்து வரவேண்டிய பயிற்சி மட்டும் ஒவ்வொரு மாற்றத்திலும் பின்தங்கியே வந்திருக்கிறது என்பது இக்கட்டுரையின் வாதம்.

திருவாவடுதுறை ஆதீனத்தில் மகாவித்துவான் மீனாட்சிசுந்தரம் பிள்ளை (1815–1876) பாடம் சொன்ன காலத்தில் மாணவர் சம்பளம் தரவில்லை. ஏட்டை ஒருவர் படிப்பார், ஆசிரியர் பொருள் சொல்வார், மற்றவர்கள் கேட்டு மனத்தில் இருத்திக்கொள்வார்கள். சமய வேற்றுமை தடையாக இருக்கவில்லை. நாகூர் குலாம் காதிறு நாவலர் அவரிடம் பாடம் கேட்டவரே. ஆனால் பாடத்திட்டத்துக்கு ஓர் எல்லை இருந்தது. அந்தாதி, உலா, கோவை, தலபுராணம் என்று அது விரிந்ததே தவிர, சமண பௌத்தக் காப்பியங்களை எட்டவில்லை. யாரும் தடுத்ததாகத் தெரியவில்லை. கற்பிக்க ஆள் இல்லாமல் போனதே காரணம்.

இந்த எல்லை உடைந்த இடம் கும்பகோணம். 1880இல் அங்கே கல்லூரித் தமிழாசிரியராகச் சேர்ந்த, பிள்ளையின் மாணவரான உ. வே. சாமிநாதையரிடம், முன்சீபாக வந்திருந்த சேலம் இராமசாமி முதலியார் என்னென்ன படித்திருக்கிறீர்கள் என்று கேட்டார். ஐயர் சொன்ன நீண்ட பட்டியல் அவருக்குப் போதவில்லை. சீவகசிந்தாமணி படித்ததுண்டா என்றார். அந்த நூலைக் கையில் எடுத்த பிறகு, நச்சினார்க்கினியர் உரை இருந்தும் சமணக் கலைச்சொற்கள் பிடிபடாமல் ஐயர் திணறினார். அதே ஊரில் குடியிருந்த சமணர்கள் வீட்டு வாசலில் தோரணம் கட்டியிருப்பதைக் கண்டு என்ன விசேஷம் என்று விசாரித்தபோது, சிந்தாமணிப் படனம் அன்று நிறைவடைகிறது என்றார்கள். தமிழ்ப் புலவர் பலரும் மறந்த காப்பியம் ஒரு வீட்டில் வழிபாட்டு நூலாக உயிரோடு இருந்தது. ஐயர் அவர்களிடம் போய் உட்கார்ந்து சந்தேகம் கேட்டார். 1887இல் வெளிவந்த பதிப்பின் பெருமையை ஏடு தேடி அலைந்த உழைப்போடு நிறுத்திவிடுகிறோம். அயல் சமயத்தாரிடம் பாடம் கேட்ட அடக்கமும் அதில் சரிபாதி என்பது என் கருத்து.

அச்சு வந்த கதை பலரும் எழுதியது. 1835இல் அச்சகங்கள் மீதான கட்டுப்பாடு தளர்ந்தது; யாழ்ப்பாணத்து ஆறுமுக நாவலர் 1849இல் சென்னையிலிருந்து அச்சியந்திரம் வாங்கிச் சென்றார்; சி. வை. தாமோதரம் பிள்ளை 1887இல் கலித்தொகையைப் பதிப்பித்தார். இங்கே குறிக்க வேண்டியது ஒன்றுதான். நாவலர் அச்சகத்துக்கு முன்பே, 1848இல், வண்ணார்பண்ணையில் பள்ளி தொடங்கிவிட்டார். அச்சிட்டால் மட்டும் போதாது என்பது அவருக்குத் தெரிந்திருந்தது.

பள்ளி முதலில், அச்சு பிறகு என்ற இந்த வரிசை இணையக் காலத்தில் தலைகீழானது. 1998 பொங்கலன்று சுவிட்சர்லாந்தின் லோசானிலிருந்து கு. கல்யாணசுந்தரம் தொடங்கிய மதுரைத் திட்டத்துக்கு அரசு நிதியோ பல்கலைக்கழகமோ பின்னால் இல்லை. பல நாடுகளில் இருந்த தன்னார்வலர்கள் தட்டச்சு செய்து மின்னஞ்சலில் அனுப்பினார்கள். தேவாரம், நாலாயிரத் திவ்வியப் பிரபந்தம், சீறாப்புராணம், தேம்பாவணி எல்லாம் ஒரே எண் வரிசையில் அடுத்தடுத்து நின்றன. சமயவாரியாகப் பிரிக்காத இந்த வரிசையை எந்த மடமும் போட்டிருக்காது. ஒவ்வொரு கோப்பின் தலைப்பிலும் தட்டச்சிட்டவர், பிழை திருத்தியவர் பெயர்கள் இருக்கும். இந்த முகப்பை நீக்காமல் யாரும் இலவசமாகப் பகிரலாம் என்ற அனுமதியும் இருக்கும். ஏடு எழுதி முடித்தவர் கடைசி ஓலையில் தம் பெயரைப் பொறிக்கும் பழைய வழக்கத்தின் தொடர்ச்சியாகவே இதைப் பார்க்கிறேன்.

தொல்லை எழுத்துருவில் வந்தது. மயிலை, தகுதரம் (TSCII) போன்ற பழைய குறியாக்க முறைகளில் ‘கொன்றை’ என்ற சொல்லின் கொம்பு முதலிலும், ககரம் அடுத்தும், கால் அதன்பின்னும் பதிவாயின. ஒருங்குறியிலோ (யூனிகோட்) ககரம் முதலில் வரும், உயிர்க்குறி பின்னால் வரும். திரையில் இரண்டும் ஒன்றுபோலவே தெரியும். தேடினால் ஒன்று மற்றதில் அகப்படாது. கோப்புகளை மாற்றி முடிக்கும்வரை, கைவசம் இருந்த நூலிலேயே ஒரு சொல்லைத் தேட முடியாத நிலை.

கற்பித்தலைக் கையில் எடுத்த முதல் பெருமுயற்சி தமிழ் இணையப் பல்கலைக்கழகம், இன்றைய தமிழ் இணையக் கல்விக்கழகம். 1999 பிப்ரவரியில் சென்னைத் தமிழிணைய மாநாட்டில் அறிவிக்கப்பட்டு, 2001 பிப்ரவரி 17இல் தொடங்கியது. முன்பு இந்திரா காந்தி திறந்தநிலைப் பல்கலைக்கழகத்தின் துணைவேந்தராக இருந்த வா. செ. குழந்தைசாமி இதற்கு வழிகாட்டினார். மழலைக் கல்வியிலிருந்து பட்டப்படிப்புவரை பாடம் வைத்தார்கள். நூலகத்தில் மூலத்தோடு உரைகளையும் ஏற்றினார்கள். உரையைச் சேர்த்தது சிறிய செயல் அன்று. உரையில்லாத மூலம் புதியவருக்கு எழுத்து வரிசை மட்டுமே.

புதுச்சேரியில் வேறொரு வழி திறந்தது. பிரெஞ்சு ஆய்வு நிறுவனத்தில் தி. வே. கோபாலையர் செய்த தேவாரப் பதிப்பு 1984 முதல் வெளியானது. அதன்மேல் 2007இல் உருவான மின்தேவாரம் பாடல், ஆங்கில உரை, தலங்களின் வரைபடம், பண்ணிசைப் பதிவு ஆகியவற்றை ஒன்றாகக் கட்டியது. மூலத்தைப் பயிலும் வகையோடு சேர்த்துத் தந்த மின்பதிப்பாக நான் முதலில் சுட்டுவது இதைத்தான். ஈழத்தின் ‘நூலகம்’ என்ற மின்னூலகத் திட்டம் (2005) எழுந்த சூழல் முற்றிலும் வேறு. 1981இல் யாழ்ப்பாண நூலகம் எரிக்கப்பட்டு ஏறத்தாழ 97,000 நூல்கள் அழிந்த நிலத்தில், பயிற்சியைவிடப் பாதுகாப்பே முதற்கவலை. அங்கே கோயில் மலரும் சங்க அறிக்கையும்கூட ஆவணமாகச் சேர்க்கப்படுவதைச் சமூக வரலாற்று மாணவர்கள் இன்னும் போதிய அளவு பயன்படுத்தவில்லை.

இன்று ஆய்வேடுகளில் காணும் குறை இந்த வரலாற்றிலிருந்தே முளைத்தது. சாமிநாதையர் பதிப்புகளின் அடிக்குறிப்பில் பிரதிபேதங்கள் உண்டு. தொடக்ககால மின்கோப்புகள் பலவற்றில் அவை விடுபட்டன. எந்தப் பதிப்பைப் பார்த்துத் தட்டச்சு செய்தது என்ற குறிப்பும் பலவற்றில் இல்லை. அந்தக் கோப்பிலிருந்து ஒட்டிய வரி ஆய்வேட்டில் மேற்கோளாகி, அங்கிருந்து அடுத்த ஆய்வேட்டுக்குப் போகிறது. தமிழ் இணையக் கல்விக்கழகத்தின் மின்னூலகத்தில் பழம்பதிப்புகள் பல படவடிவில் இருக்கின்றன. ஒப்பிட்டுப் பார்ப்பதற்கு இப்போது தடையில்லை. ஆனால் படத்தில் சொல் தேட முடியாது, பக்கம் பக்கமாகப் புரட்ட வேண்டும். ஒப்பிட்டுப் பார் என்று நெறியாளர் சொன்னால் மாணவருக்கு வேலை இரட்டிப்பாகும். சொல்லும் நெறியாளர்கள் குறைவு.