விரல் வித்தகர்கள் – 17: சேப்பாக்கத்தில் இரண்டு நாள்

1979 செப்டம்பரில் ஓவல் டெஸ்ட் முடிந்து இந்திய அணி ஊர் திரும்பியபோது, கேப்டன் பதவி வெங்கட்ராகவனிடமிருந்து கவாஸ்கருக்குப் போய்விட்டது என்று விமானியே அறிவித்த கதையை இந்த வாரம் சொல்வதாக இருந்தது. அந்த விமானத்தில் ஏறுவதற்கு முன் சேப்பாக்கத்தில் இறங்கியே ஆக வேண்டும். 1972-73 ரஞ்சிக் கோப்பை இறுதிப்போட்டியைத் தாண்டிக் குதித்துவிட்டு வெங்கட்டின் வாழ்க்கையைச் சொன்னால் பாதிக் கதை கீழே விழுந்துவிடும்.

கிண்டி பொறியியல் கல்லூரி மாணவராக இந்திய அணிக்குள் வந்ததையும், இருபது வயது நிறைவதற்குள் டெல்லியில் நியூசிலாந்தின் 12 விக்கெட்டுகளைச் சாய்த்ததையும் முன்பே பார்த்துவிட்டோம். 1973இல் அவர் வேறு ஆள். இரண்டு ஆண்டுகளுக்கு முன் போர்ட் ஆஃப் ஸ்பெயினில், வெஸ்ட் இண்டீஸை இந்தியா முதன்முதலாக வென்றபோது இரண்டாவது இன்னிங்ஸில் 95 ரன்களுக்கு 5 விக்கெட் எடுத்தவர். சோபர்ஸையும் லாயிடையும் அடுத்தடுத்துத் தூக்கிய துரானியின் பெயர்தான் அந்த வெற்றியோடு ஒட்டிக்கொண்டது. ஆனால் அந்தத் தொடரில் இந்தியாவுக்காக அதிக விக்கெட் எடுத்தவர் வெங்கட், மொத்தம் 22.

அதே ஆண்டு ஓவலில் சந்திரசேகர் 38 ரன்களுக்கு 6 விக்கெட் எடுத்து இங்கிலாந்தை 101இல் சுருட்டினார். அதை அறியாத ரசிகர் இல்லை. ஷார்ட் லெக்கில் சோல்கர் பாய்ந்து விழுந்து ஆலன் நாட்டைப் பிடித்த படத்தையும் எல்லோரும் பார்த்திருப்பார்கள். அந்தப் பந்தை வீசியது வெங்கட் என்பது எத்தனை பேருக்கு நினைவிருக்கிறது? சந்திராவின் பந்தில் லக்ஹர்ஸ்ட் கொடுத்த கேட்சைப் பிடித்ததும் வெங்கட்தான். அந்தச் சுற்றுப்பயணம் முழுக்க பிரசன்னா ஒரு டெஸ்ட் கூட ஆடவில்லை; அவருடைய இடத்தில் வெங்கட் ஆடினார். பிரசன்னாவின் பக்தர்களுக்கு இது ஆறாத வருத்தம். பந்தைத் தூக்கிப் போட்டு ஏமாற்றுவதில் பிரசன்னாவுக்கு நிகர் யாருமில்லை, உண்மைதான். ஆனால் உயரமான கையிலிருந்து சற்றே வேகமாக, ஒரே இடத்தில் மணிக்கணக்கில் பந்தைக் குத்திக்கொண்டே இருக்கும் வெங்கட்டின் பிடிவாதம் இங்கிலாந்து ஆடுகளங்களுக்குப் பொருந்தியது. கேப்டன் வடேகர் எடுத்தது சரியான முடிவு.

இனி சேப்பாக்கம். அங்கே வெங்கட் தனி ஆள் இல்லை. மறுமுனையில் வி.வி. குமார் இருந்தார்.

தமிழ்நாடு கண்ட லெக் ஸ்பின்னர்களில் முதலிடம் யாருக்கு என்று கேட்டால் சிவராமகிருஷ்ணன் பெயரைச் சொல்வோர் உண்டு. இந்தத் தொடரின் வாக்கு குமாருக்கே. 1961 பிப்ரவரியில் டெல்லியில் பாகிஸ்தானுக்கு எதிராக முதல் டெஸ்ட் ஆடினார். வந்த வேகத்தில் 64 ரன்களுக்கு 5 விக்கெட். அதே ஆண்டு நவம்பரில் பம்பாயில் இங்கிலாந்துக்கு எதிராக இரண்டாவது டெஸ்ட். அதில் விக்கெட் விழவில்லை. அத்தோடு முடிந்தது. 1961 இறுதியில் சுபாஷ் குப்தேவை அணியிலிருந்து விலக்கிய பிறகும் அந்த நாற்காலி குமாருக்கு வரவில்லை. 1964 ஜனவரியில் சந்திரசேகர் வந்து உட்கார்ந்தார். அதன்பின் கேள்விக்கே இடமில்லாமல் போயிற்று. முதல் டெஸ்டிலேயே ஐந்து விக்கெட் எடுத்த ஒருவரை இரண்டாவது டெஸ்டோடு வீட்டுக்கு அனுப்பிய தேர்வாளர்களை மன்னிக்க ஒரு காரணமும் தென்படவில்லை.

குமார் மனம் ஒடிந்து ஒதுங்கவில்லை. பதினைந்து ஆண்டுகளுக்கும் மேல் உள்நாட்டு ஆட்டங்களில் வீசினார். முதல்தரப் போட்டிகளில் மொத்தம் 599 விக்கெட், சராசரி 20க்கும் கீழே. ரஞ்சியில் மட்டும் 400க்கும் மேல். லெக் ஸ்பின் என்றாலே ரன்னை வாரிக் கொடுக்கும் கலை என்பார்கள். குமாரிடம் அந்தப் பேச்சு எடுபடாது. ஒரு முனையில் வெங்கட்டின் ஆஃப் ஸ்பின் உள்ளே திரும்பும். மறுமுனையில் குமாரின் லெக் ஸ்பின் வெளியே போகும், இடையில் ஒரு கூக்ளி உள்ளே வரும். ஓவருக்கு ஓவர் கால் நகர்த்தலையே மாற்றிக்கொள்ள வேண்டிய இக்கட்டு மட்டையாளருக்கு. அந்தக் காலத்தில் பிரசன்னாவும் சந்திராவும் ஆடிய மைசூரைத் தாண்டி தென் மண்டலத்திலிருந்து வெளியே வருவதே பாதிக் கோப்பைக்குச் சமம். அதைச் செய்து காட்டியது இந்த ஜோடி.

இதற்கெல்லாம் அவர்களுக்குக் கிடைத்த பணம்? இன்று மண்ணூர், ஒரகடம் பக்கத்தில் ஷிப்ட் முடித்து வந்து காலி மனையில் டென்னிஸ் பந்து சுழற்றும் இளைஞர்களுக்கு வருண் சக்கரவர்த்தியின் கதை மனப்பாடமாக இருக்கும். கட்டடக்கலை படித்து, டென்னிஸ் பந்தில் வித்தை பழகி, 2019 ஐ.பி.எல். பருவத்துக்கு 8.4 கோடி ரூபாய்க்கு ஏலம் போனவர். குமார் காலத்தில் ரஞ்சி ஆட்டக்காரருக்குக் குடும்பம் நடத்த வேறு வேலை இருந்தாக வேண்டும். பந்துவீச்சையே தொழிலாகக் கொண்டு சம்பளம் வாங்க வேண்டுமென்றால் இங்கிலாந்துக்குக் கப்பலோ விமானமோ ஏற வேண்டும்.

1972-73 இறுதிப்போட்டிக்கு வந்த பம்பாய் அணி, 1958-59 முதல் தொடர்ந்து பதினான்கு முறை கோப்பையை வென்ற அணி. கேப்டன் வடேகர். தமிழ்நாட்டுக்கு வெங்கட். ஐந்து ஆண்டுகளுக்கு முன் பம்பாயில் நடந்த இறுதிப்போட்டியில் முதல் இன்னிங்ஸ் முன்னிலையில் கோப்பை கை நழுவியிருந்தது. இம்முறை ஆட்டம் சொந்த மண்ணில். வெங்கட்டையும் குமாரையும் நம்பி, முதல் நாளிலிருந்தே பந்து திரும்பும் ஆடுகளம் தயாரானது.

நம்பிக்கை வீண்போகவில்லை. முதலில் ஆடிய பம்பாய் 151 ரன்களில் சுருண்டது. பதினான்கு ஆண்டுச் சக்கரவர்த்திகளை முதல் இன்னிங்ஸிலேயே இப்படி மடக்கிய ஊர் கோப்பையைக் கனவு காணாமல் இருக்குமா?

அப்போது பத்மாகர் சிவால்கர் பந்தைக் கையில் எடுத்தார்.

இடக்கைச் சுழற்பந்து. அலட்டல் இல்லாத ஓட்டம், அளந்து வைத்த மாதிரி நீளம். நல்ல பாட்டுக்காரரும் கூட. அவர் பந்துவீச்சிலும் அந்தத் தாளக்கட்டு இருந்தது. வலக்கை மட்டையாளரின் மட்டை விளிம்பைத் தேடிப் போகும் பந்து ஒன்று. அதே கையசைவில் திரும்பாமல் நேராக வந்து காலில் மோதும் பந்து இன்னொன்று. திரும்பும் ஆடுகளத்தில் திரும்பாத பந்துதான் ஆளைக் கொல்லும். தமிழ்நாடு 80 ரன்களுக்கு ஆட்டமிழந்தது. சிவால்கருக்கு 16 ரன்களில் 8 விக்கெட்.

வெங்கட்டும் குமாரும் மறுபடி வந்தார்கள். பம்பாயின் இரண்டாவது இன்னிங்ஸ் 113. இதைக் கொஞ்சம் நின்று யோசிக்க வேண்டும். இந்தியாவின் மிகப் பலமான உள்நாட்டு அணி இரண்டு இன்னிங்ஸும் சேர்த்து எடுத்தது 264 ரன்தான். ஒரு பந்துவீச்சு ஜோடியிடம் இதற்கு மேல் எதைக் கேட்பது? வெற்றிக்குத் தேவை 185. கிடைத்தது 61. சிவால்கர் 18 ரன்களுக்கு 5 விக்கெட். மறுமுனையில் சோல்கர் துணை நின்றார். ஐந்து நாள் ஆட்டம் மூன்றாம் நாளின் முதல் பந்தோடு முடிந்தது. பம்பாய்க்கு 123 ரன் வித்தியாசத்தில் வெற்றி, தொடர்ச்சியாகப் பதினைந்தாவது கோப்பை.

தமிழ்நாடு தனக்குத் தானே குழி வெட்டிக்கொண்டது என்று அரை நூற்றாண்டாகப் பேசுகிறார்கள். பேச்சு சுவையாக இருக்கிறது, நியாயமாக இல்லை. அதே ஆடுகளத்தில் பம்பாய்க்காரர்கள் 264 ரன் சேர்த்தார்கள், நம்மவர்கள் 141. தோற்றது மட்டை. ஆனால் பேச்சில் அடிபடுவது ஆடுகளமும், அதைக் கேட்டு வாங்கியதாகச் சொல்லப்படும் சுழற்பந்து வீச்சாளர்களும்தான். சுழற்பந்து வீச்சாளரின் தலையெழுத்தே மற்றவர் கையில் இருக்கிறது: கேட்ச் பிடிப்பவர் கையில், மண்ணைச் சமன் செய்பவர் கையில், ரன் எடுக்க வேண்டியவர் கையில், பட்டியல் எழுதும் தேர்வாளர் கையில். வெங்கட்டின் கதையில் இது மறுபடி மறுபடி வரும்.

அந்த ஆண்டே அவர் டெர்பிஷைர் கவுன்டிக்காக ஆடப் போனார். 1975 வரை அங்கே ஆடினார். பந்துவீச்சு அவருக்கு உண்மையிலேயே தொழிலானது அந்த மூன்று பருவங்களில். 1974 டிசம்பரில் பட்டோடி காயமடைந்ததால் டெல்லி டெஸ்டுக்கு வெங்கட் கேப்டன். வெஸ்ட் இண்டீஸின் ரிச்சர்ட்ஸ் 192 ரன் குவிக்க இந்தியா இன்னிங்ஸ் தோல்வி கண்டது. அடுத்த கல்கத்தா டெஸ்டில் பதினொருவரில் வெங்கட்டுக்கு இடமில்லை. ஒரு டெஸ்டில் கேப்டன், அடுத்த டெஸ்டில் பன்னிரண்டாவது ஆள்! இந்திய கிரிக்கெட் தன் சொந்த வீரர்களிடம் நடந்துகொண்ட அற்பமான விதங்களுக்கு இதைவிட வேறு சாட்சி வேண்டாம். லண்டன் விமானம் அடுத்த வாரம் கட்டாயம் புறப்படும்.

சேப்பாக்கத்தை இரண்டு நாளில் முடித்துவைத்த சிவால்கர், 589 முதல்தர விக்கெட்டுகள் எடுத்தும் ஒரு டெஸ்ட் கூட ஆடாமல் 2025 மார்ச்சில் காலமானார். பேடி இருந்த காலத்தில் இடக்கைச் சுழலோடு பிறந்ததே அவர் செய்த பிழை. தமிழ்நாட்டுக்கு ரஞ்சிக் கோப்பை மறுபடி கிடைத்தது 1987-88 பருவத்தில். சேப்பாக்கத்திலேயே ரயில்வே அணியை வீழ்த்தியது. கேப்டன் எஸ். வாசுதேவன், இடக்கைச் சுழற்பந்து வீச்சாளர்.