விலையில்லா மென்பொருளின் தேய்மானம்

பட்டுக்கோட்டைப் பகுதிக் கல்லூரி ஒன்றில், புதிதாக வந்த கணினிகளில் லினக்ஸ் இயங்குதளத்தை நிறுவும் பணி பாதியில் நின்றதை அண்மையில் கண்டேன். பழைய கணினிகளில் பல ஆண்டுகள் பிசகின்றி ஓடிய தானியங்கி நிறுவல் நிரலைத்தான் பயன்படுத்தினர். விலை கொடுக்காமல் பெற்ற பொருளுக்கும் தேய்மானம் உண்டு என்பதைப் பொருளியல் வகுப்பில் நான் சொல்லித் தந்ததில்லை.

லினக்ஸை நிறுவும்போது மொழி, வட்டுப் பிரிவு, பிணையம், கடவுச்சொல் எனப் பல கேள்விகள் எழும். விடைகளை முன்கூட்டியே ஒரு கோப்பில் எழுதிவைத்தால், எத்தனை கணினிகளானாலும் அருகில் ஆளின்றியே வேலை முடியும். இக்கோப்புக்கு டெபியனில் 'பிரிசீட்', ரெட் ஹேட்டில் 'கிக்ஸ்டார்ட்' என்று பெயர். சென்னை சி-டாக் உருவாக்கிய 'பாஸ்' இயங்குதளமும் டெபியனை அடித்தளமாகக் கொண்டதே.

ஆனால், பதிப்பு மாறும்போது கேள்விகளும் மாறுகின்றன. 'ஈத்0' என்று வழங்கிய பிணைய அட்டை, 2017-இல் வெளிவந்த டெபியன் 9 முதல் தான் பொருத்தப்பட்ட இடத்தையொட்டி வேறு பெயர் பெற்றது. உபுண்டு சர்வர் 2020-இல் 'ஆட்டோஇன்ஸ்டால்' என்ற புதிய முறைக்கு மாறியது. அதற்குப் பழைய பிரிசீட் கோப்பு புரியாது. சி.ஆர். 1009 நெல்லுக்கான உர அட்டவணையை 110 நாள் ஆடுதுறை 43-க்குப் பின்பற்றுவது போன்றது இது.

நிரல் நின்றுவிட்டால்கூட நல்லதுதான். தவறான இடத்தில் ஓடிவிட்டால்? முன்பு முதல் வட்டு 'எஸ்டிஏ'. புதிய கணினிகளில் இயங்குதளத்துக்கான வட்டு பெரும்பாலும் 'என்விஎம்இ' என்று தொடங்கும் பெயர் கொண்டது. இருவகை வட்டும் உள்ள கணினியில், பழைய நிரல் மாணவர்களின் கோப்புகள் உள்ள வட்டைக் கேள்வியின்றி அழித்துவிடக்கூடும்.

பழைய பதிப்பிலேயே தங்கிவிடலாமே என்பர். பாதுகாப்புத் திருத்தங்கள் நின்றுவிடும். 2029 வரை எதிர்பார்க்கப்பட்ட சென்டோஸ் 8-இன் ஆதரவு, 2021 இறுதியோடு முடித்துவைக்கப்பட்டது. விலை கொடாதவர் யாரிடம் முறையிடுவது?

எந்தப் பதிப்புக்கானது என்று நிரலிலேயே குறித்து, வேறு பதிப்பானால் எதையும் தொடாமல் நிற்கும்படி எழுதுவது கடினமன்று. எழுதுபவருக்கு ஊதியம் வேண்டும், அதுதான் கடினம். கல்லூரி வரவு செலவுத் திட்டத்தில் கணினி வாங்கத் தலைப்பு உண்டு. நிரலைப் புதுப்பிக்க இல்லை. உரிமக் கட்டணத்தில் மிஞ்சும் தொகையில் ஒரு சிறு பங்கை ஒதுக்கினால், ஒவ்வொரு புதிய பதிப்பின்போதும் தரவில்லாத ஒரு கணினியில் ஓட்டிப் பார்த்துத் திருத்தலாம். அந்த ஆய்வகத்திலோ, ஒவ்வொரு கணினியாகக் கையால்தான் நிறுவி முடித்தார்கள்.