வண்டல் தங்கம் அரித்தலும் கழிவுநீரும்

ஆற்று மணலிலும் சரளையிலும் துகளாகக் கிடக்கும் பொன்னை நீரால் அலசிப் பிரிப்பது வண்டல் தங்கத் தொழில். கனமான பொன் அடியில் தங்க, மணலும் களியும் நீரோடு வெளியேறும். அந்தக் கலங்கல் நீரை எங்கே விடுவது என்பதுதான் இத்தொழிலின் நெடுநாள் சிக்கல்.

தமிழகத்தில் இதன் தடம் நீலகிரியின் பந்தலூர், தேவாலா பகுதிகளில் உண்டு. அங்கும் அடுத்துள்ள வயநாடு, நிலம்பூரிலும் பணியர், குறும்பர் உள்ளிட்ட பழங்குடியினர் ஓடை மணலை மரத்தட்டில் அரித்தார்கள். 1879இல் இப்பகுதியில் தங்க ஆய்வுக்கு அரசு அமர்த்திய பிரவ் ஸ்மித், ஆஸ்திரேலியாவின் விக்டோரியாவில் சுரங்கத் துறைச் செயலராக இருந்தவர். அவருடைய அறிக்கையை நம்பி லண்டனில் நிறுவனங்கள் முளைத்தன. அவை தேடியது பாறையிலுள்ள தங்கத்தை; சில ஆண்டுகளிலேயே நொடித்துப்போயின. விக்டோரியாவின் பெண்டிகோவிலோ, சுரங்கச் சேறு தெருக்களையும் ஓடைகளையும் மூடியதால் 1850களின் இறுதியிலேயே விசாரணைக் குழு அமைக்கவேண்டி வந்தது.

பெருங்கேடு கலிபோர்னியாவில் நேர்ந்தது. 1853இல் எட்வர்ட் மேட்டிசன் நீரைப் பீய்ச்சி மலைச்சரிவைக் கரைக்கும் முறையைத் தொடங்கினார். கரைந்த மண்ணால் யூபா ஆற்றின் படுகை உயர்ந்தது. வெள்ளம் மேரிஸ்வில் நகரிலும் வயல்களிலும் புகுந்தது. ஆற்றின் கீழ்ப்பகுதியினர் தொடுத்த வழக்கில், 1884 ஜனவரி 7 அன்று நீதிபதி லொரென்சோ சாயர் கசடை ஆற்றில் விடத் தடை விதித்தார். 1893இல் வந்த சட்டம், கசடைத் தடுப்பணையில் நிறுத்தினால் மட்டுமே அத்தொழிலுக்கு இடம் தந்தது. இந்த மாற்றத்தைக் கொண்டுவந்தவர்கள் சுரங்க முதலாளிகள் அல்லர், உழவர்களும் ஊராரும்தான்.

கலங்கல் நீரைத் தெளியவைக்க இன்றைய முதன்மை வழி படிவுக்குளம். விழுப்புரம், திண்டிவனம் பக்கத்து ஏரிகளில் மழைநீர் தேங்கி வண்டல் படிவதுபோல, கலங்கல் நீர் அதில் நின்று தெளிகிறது. தெளிந்த நீரை மீண்டும் அலசவே பயன்படுத்துவார்கள். அமெரிக்கா 1988இல் வகுத்த விதிப்படி, வெளியேறும் ஒரு லிட்டர் நீரைக் கூம்புக் குடுவையில் ஒரு மணி நேரம் வைத்தால் 0.2 மில்லிலிட்டருக்கு மேல் கசடு படியக் கூடாது. மிக நுண்ணிய களியோ எளிதில் படியாது. இந்த அளவீட்டிலும் அது சிக்குவதில்லை.

பொன்துகளைத் திரட்டப் பயன்படும் பாதரசம் இந்தக் களியைவிடக் கொடியது. நீர் தெளிந்தாலும் அது சேற்றில் தங்கி, மீன் வழியே மனிதருக்கு வந்து சேரும். அதைக் கட்டுப்படுத்தும் மினமாட்டா உடன்படிக்கை 2017இல் நடைமுறைக்கு வந்தது. இந்தியா 2018இல் ஏற்புறுதி அளித்தது. கலிபோர்னியாவின் அந்தப் பழைய சுரங்கப் பகுதி நீர்த்தேக்கங்களில் பிடிக்கும் மீன்களை அளவோடு உண்ணும்படி அம்மாநில அரசு இன்றும் அறிவுறுத்துகிறது.