ஏழாம் ஆண்டுக் கடனும் ஹில்லேல் வகுத்த முறியும்

ஏழாண்டுக்கு ஒருமுறை கடன் யாவும் விடுபடுதல் வேண்டும் என்பது யூதர்தம் மறைநூலாகிய தோராவின் விதி (உபாகமம் 15). அவ்வாண்டு அணுகிற்று எனக் கருதி எளியவனுக்குக் கடன் கொடாது கைமூடுதல் குற்றம் என்றும் அந்நூலே கூறும். எனினும் கொடுப்பார் அஞ்சினர். எளியோர்க்கென எழுந்த விதி எளியோர்க்கே இடராயிற்று.

ரபீமார்க்கு முன்னோடியாய் எருசலேமில் விளங்கிய ஹில்லேல் இந்நிலை கண்டு 'புரோசுபுல்' என்னும் முறியை வகுத்தார் என்று, கி.பி. 200-ஐ ஒட்டித் தொகுக்கப்பெற்ற மிஷ்னா உரைக்கின்றது. கடன் கொடுத்தவன் தன் கடன்களை நடுவரிடம் ஒப்படைத்து, வேண்டும்போது தண்டிக்கொள்வதாக எழுதுவான். நடுவரேனும் சான்றினரேனும் கைச்சாத்திடுவர். தனியொருவன் கேட்பதையே மறை விலக்கிற்று, மன்றத்தின் வழித் தண்டுவதை அன்று என்பது கருத்து. கடன்பட்டவனுக்கு நிலம் இருத்தலும் வேண்டும். இல்லையேல் கொடுத்தவனே சிறிது நிலம் அளிக்கலாம். எத்துணைச் சிறிது? ஒரு முட்டைக்கோசுத் தண்டின் அளவும் அமையும் என்றார் ராவ் என்னும் ஆசிரியர். விதியின் வடிவைக் காத்து அதன் கடுமையை நெகிழ்த்தும் ரபீமாரின் போக்கினை அக்கோசுத்தண்டினும் தெளிவாகக் காட்டுவது பிறிதொன்றில்லை.

இறைமொழி எனக் கொண்டதை மாந்தர் மாற்றல் எங்ஙனம் ஒல்லும்? பாபிலோனியத் தால்மூத்து இவ்வினாவை மறையாது எழுப்புகின்றது. தம் காலத்துக் கடன்விடுப்பு ரபீமாரின் விதியே என்றார் அபாயே. ஒருவன் பொருளை அவனுடைமையினின்று நீக்கும் ஆற்றல் மன்றத்துக்கு உண்டு என்றார் ராவா. அவர்க்கு முற்பட்ட சாமுவேலோ, இம்முறி நடுவரின் செருக்கு என்றும், வலியிருப்பின் அதனை ஒழிப்பேன் என்றும் மொழிந்தார். நிலைநிறுத்துவேன் என்றார் நகுமான். வென்றது நகுமானின் கொள்கை. ஆயினும் சாமுவேலின் மறுப்பு நூலினின்று நீக்கப்படவில்லை. இம்மறுப்பைக் காத்தமையே தால்மூத்தின் தனிச்சிறப்பு என யாம் கருதுகின்றோம்.

நூற்சான்றோடு தொல்பொருட்சான்றும் ஈண்டு நோக்கற்பாலது. யூதேயப் பாலையின் முரப்பாத்துக் குகைகளில் கிடைத்து 1961-இல் பதிப்பிக்கப்பெற்ற அரமேயக் கடன்முறி ஒன்று நீரோவின் 2-ஆம் ஆட்சியாண்டைச் சார்ந்தது, அஃதாவது கி.பி. 55-56. ஏழாம் ஆண்டாயினும் செலுத்துவேன் எனக் கடன்பட்டவன் அதில் உடன்படுகின்றான். இதனையே ஹில்லேலின் முறி என்பாரும் உளர். யாம் உடன்படோம். மிஷ்னா கூறும் முறியில் பேசுவோன் கடன் கொடுத்தவன், கேட்போர் நடுவர்; இங்கோ கடன்பட்டவனே பேசுகின்றான். ஆகலின், மன்றம் வகுத்த வழியோடு மக்கள் தாமே கண்ட வழியும் உடனிருந்தது எனக் கோடலே பொருந்தும்.

 ஹில்லேலின் முறியில், 2022 செப்டம்பரில் முடிவுற்ற ஏழாம் ஆண்டின்போதும் சமயப்பற்றுடைய யூதர் கைச்சாத்திட்டனர்.